தொண்ணூறு சதவீதம் காலி

"தொண்ணூறு சதவீதம் காலின்னு சுவத்துல காட்டுது. அப்புறம் எப்படிம்மா நெறஞ்சுபோச்சுங்கறே?"

ஆணையர் சிங்காரவேலு கேட்டது நியாயமான கேள்வி. அவர் அறைச் சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு மானி இருக்கிறது. கண்ணாடி வட்டில் எவ்வளவு இடம் பயன்பட்டிருக்கிறது என்பதை அது பச்சை நிறத்தில் காட்டும். வருகிற அமைச்சர்கள் எல்லாரும் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். ஆறு வருடமாகப் பதிவு நடந்தும் பச்சை பத்தில் ஒரு பங்கைத் தாண்டவில்லை.

"இடம் இருக்கு சார். சீட்டுதான் தீரப்போகுது."

"சீட்டா?"

அவர் வருவாய்த் துறையில் முப்பது வருடம் இருந்தவர். பட்டா, சிட்டா, அடங்கல் எல்லாம் விரல் நுனியில். கணினி மட்டும் ஆகாது. ஆனால் புரியும்வரை விடமாட்டார். அப்படிப்பட்டவர்களுக்கு விளக்குவது எனக்குப் பிடிக்கும். அன்றைக்கும், அந்த நிலைமையிலும், எனக்குள் அந்த ஆசை எழுந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

"பழநிக்குப் போயிருக்கீங்களா சார்?"

"வருசா வருசம்."

"செருப்ப எங்க விடுவீங்க?"

"என்னம்மா கேள்வி இது? ஸ்டாண்டுல."

"டோக்கன் குடுப்பாங்க இல்ல? அந்த டோக்கன ஸ்டாண்டு கட்டின அன்னிக்கே இத்தனைன்னு எண்ணி பித்தளையில அடிச்சிருவாங்க. ஒருநாள் நல்ல கூட்டம். டோக்கன் எல்லாம் தீந்துபோச்சு. அலமாரியப் பாத்தா முக்கால்வாசி காலி. உங்க செருப்ப உள்ள தூக்கிப் போடறதுக்கு இடம் இருக்கு. ஆனா திரும்பி வந்து எதக் காட்டிக் கேப்பீங்க?"

அவர் மானியை ஒரு தடவை பார்த்தார். "இந்த போர்டு அலமாரிய மட்டும் காட்டுது."

"ஆமா சார்."

"டோக்கன் எத்தனைன்னு எந்த போர்டும் காட்டல."

"யாரும் கேக்கல சார். நானும் வெக்கல."

"ஸ்டாண்டு கட்டுனது யாரு?"

"நான்தான் சார்."

கடல் ஏறி வந்து கோடியக்கரையிலிருந்து பரங்கிப்பேட்டை வரை ஊர்கள் கரைந்தபோது, ஆட்களோடு சேர்ந்து அவர்களுடைய காகிதங்களும் போயின; மிஞ்சியவர்கள் முகாம்களுக்கு வந்தார்கள். பிறகு போலிகள் வந்தார்கள். முகம், குரல், கைரேகை என்று கணினியில் எதை வேண்டுமானாலும் செய்துவிட முடிந்த காலம் அது. இல்லாத ஊரின் இல்லாத தெருவிலிருந்து இல்லாத மனிதர்கள் வந்து மனைகளை வாங்கிக்கொண்டு போனார்கள். அதனால்தான் சட்டம் வந்தது. திருத்த முடியாத ஒரே ஒரு கண்ணாடி வட்டு. ஒளியால் உள்ளே செதுக்குவார்கள். ஒரு முறை செதுக்கியதை யாராலும் அழிக்கவோ மாற்றவோ முடியாது. அரியலூர் பக்கம் கைவிடப்பட்ட ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குள் அதை வைத்திருக்கிறோம். அதில் இருக்கிற ஆளுக்கு மனை உண்டு, மருத்துவமனை உண்டு, வாக்கு உண்டு. இல்லாத ஆள், சட்டத்தின் கண்ணில் இல்லாத ஆள்தான். இரண்டு வட்டுகள் இருந்தால் ஒருவரே இரண்டிலும் ஏறிவிடுவார் என்பதால் இரண்டாவது வட்டுக்கு அனுமதி இல்லை.

எந்த வட்டிலும் எழுதுவதற்கு முன்னால் அதற்குக் கோடு போட வேண்டும். புது வட்டு வெறும் பொட்டல். அதைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, கட்டங்களுக்கு எண் கொடுத்து, முன்பக்கத்தில் சீட்டு அட்டவணைக்கு இடம் ஒதுக்குகிற நிரல் ஒன்று உண்டு. அதைப் பராமரிப்பதுதான் இருபது வருடமாக என் வேலை.

பழைய நிரலில் ஒரு வரம்பு இருந்தது. கட்ட எண்ணுக்கு முப்பத்திரண்டு பிட் அளவே இடம் விட்டிருந்தார்கள். அதில் ஏறக்குறைய நானூற்று முப்பது கோடி வரை எண்ணலாம். அதற்கு மேல் போனால், பழைய ஸ்கூட்டர்களின் கிலோமீட்டர் காட்டி எல்லா ஒன்பதும் முடிந்ததும் பூஜ்யத்துக்குத் திரும்புமே, அதுபோல எண் திரும்பிவிடும். கடைசியாக எழுதப்படுபவர் முதலில் எழுதப்பட்டவரின் கட்டத்தில் போய் விழுவார். இத்தனை பெரிய கண்ணாடியை அந்த நிரலிடம் கொடுத்திருந்தால் அதுதான் நடந்திருக்கும். நிரல் முழுக்க எண் வந்துபோகிற இடங்களைத் தேடித் தேடி அகலமாக்கினேன். நாலாயிரத்துச் சொச்சம் இடங்கள். ஒன்று விட்டுப்போனாலும் எல்லாம் வீண். மூன்று வருடம் ஆயிற்று. அந்த மூன்று வருடமும் நான் சந்தோஷமாக இருந்தேன்.

அந்த நிரலின் ஒரு மூலையில் மூன்று வரிகள் கொண்ட ஒரு பட்டியல் இருந்தது. சின்ன வட்டு என்றால் இத்தனை இடத்துக்கு ஒரு சீட்டு. நடுத்தரம் என்றால் அதைவிட அதிக இடத்துக்கு ஒரு சீட்டு. பெரியது என்றால் இன்னும் அதிக இடத்துக்கு ஒன்று. பெரிய வட்டு வாங்குகிறவர்கள் சினிமாப் படம், செயற்கைக்கோள் படம் என்று பெரிய பொருள்களைத்தான் வைப்பார்கள், அவர்களுக்கு நிறையச் சீட்டு தேவைப்படாது என்ற எண்ணத்தில் யாரோ எழுதியது. நான் நான்காவதாக ஒரு வரி சேர்த்தேன். மிகப் பெரியது என்றால் ஒரு கிகாபைட்டுக்கு ஒரு சீட்டு. முந்தைய மூன்று வரிகளும் போகிற போக்கைப் பார்த்து அடுத்த எண்ணைப் போட்டேன். நான்கு நிமிடம் ஆகியிருக்கும். சோதித்துப் பார்க்கவும் செயற்கைக்கோள் படங்களைத்தான் ஏற்றினேன். எல்லாம் அழகாக வேலை செய்தது.

ஒரு மனிதரின் பதிவு நூறு மெகாபைட். கருவிழி, பத்து விரல், மரபணு, தன் ஊரையும் பெயரையும் தன் வாயால் சொல்கிற மூன்று நிமிடப் படம். அவ்வளவுதான். நான் ஒதுக்கியதில் பத்தில் ஒரு பங்கு.

கூட வேலை பார்க்கும் தாவூதிடம்தான் முதலில் சொன்னேன். சீட்டுக் கணக்கை அவனும் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தான். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டான்.

"யானை நுழையறதுக்கு மூணு வருசம் கதவு செஞ்சீங்கக்கா. கடைசில பாத்தா வந்து நிக்கிறது பூரா எறும்பு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஆணையர் மேசை மேல் இருந்த தாளைத் திருப்பிப் போட்டுப் பேனாவை எடுத்தார்.

"மிச்சம் எத்தனை சீட்டு?"

"ஒரு லட்சத்து இருபதாயிரம்."

"எழுத வேண்டிய ஆளு?"

"பன்னெண்டு லட்சத்துக்குக் கொஞ்சம் கம்மி."

"அட்டவணைய நீட்ட முடியாதா?"

"அட்டவணைக்கு அடுத்த கட்டத்துலருந்தே ஆளுங்கள எழுதியாச்சு சார். கண்ணாடி. அழிக்க முடியாது."

"புதுக் கண்ணாடி?"

"சூளையில வார்த்து ஆறவே ஏழு வருசம். சட்டத்தையும் மாத்தணும். ஏற்கெனவே எழுதின அறுபத்தொம்பது லட்சம் பேரும் திரும்ப வந்து ரேகை வெக்கணும். அதுக்குள்ள..."

"ஐப்பசியோட முகாமக் காலி பண்ணணும். பதிவு இல்லாதவன வெளிய அனுப்பணும்னு கோர்ட்டு உத்தரவு இருக்கு." அவர் தாளில் ஏதோ வகுத்தார். "ஏம்மா தவமணி, செருப்ப மூட்டையாக் கட்டிப் போட்டா?"

தாளை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"பத்து ஜோடி ஒரு மூட்டை. ஒரு டோக்கன். உள்ளதான் இடம் கெடக்குதே. முடியுமா முடியாதா?"

நன்றாக விளக்கிவிட்டேன் போலிருக்கிறது.

"முடியும் சார். ஆனா சீட்டுல உரிமையாளர்னு ஒரே ஒரு பேருக்குத்தான் இடம் உண்டு. என்னிக்கு எழுதினது, எவ்வளவு பெருசு, எந்தெந்தக் கட்டத்துல இருக்கு, யாருது. இதுதான் ஒரு சீட்டு. 'யாருது'ங்கற எடத்துல ரெண்டாவது பேரு எழுத முடியாது."

"அப்ப மூட்டை மொத ஆளு பேர்ல இருக்கும்."

"மூட்டைய அவிழ்க்கறதுக்கும் அவர் ரேகைதான் வேணும். மத்த ஒம்பது பேரும் உள்ள இருப்பாங்க. எழுதின இடம் பத்திரமா இருக்கும். ஆனா ஆஸ்பத்திரிக்குப் போனாலும் ஊர் மாறினாலும் அந்த மொத ஆளு வந்து விரல் வெக்கணும். மனையும் அவர் பேர்லதான் நிக்கும். கண்ணாடி இருக்கற வரைக்கும் அப்படித்தான்."

"கண்ணாடி எத்தனை நாளைக்கு இருக்கும்?"

"பத்தாயிரம் வருசம்னு சொல்றாங்க."

சிங்காரவேலு இரண்டு உள்ளங்கைகளாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். "இல்லாமப் போறதுக்கு யாரோ ஒருத்தனுக்குக் கீழ இருக்கறது மேல்," என்றார். என்னிடம் சொன்ன மாதிரியும் இருந்தது, தனக்குத்தானே சொல்லிக்கொண்ட மாதிரியும் இருந்தது. மூன்றாம் நாள் கூட்டுப் பதிவு ஆணை வந்தது.

முகாம்களில் போய் அதை விளக்குகிற வேலையும் எனக்கே வந்தது. என்னைவிட நன்றாகச் சொல்ல ஆள் இல்லை என்றார்கள். ஜெயங்கொண்டத்துக்குத் தெற்கே மூன்றாம் எண் முகாமில் ஒரு தகரக் கொட்டகை. கூட்டத்தில் முந்நூறு பேருக்கு மேல். எல்லாம் சொல்லி முடித்ததும், "இதுக்கு முன்னாடி எழுதுனவங்களுக்கு மட்டும் ஆளுக்கு ஒண்ணு, எங்களுக்கு மட்டும் பங்கா?" என்று ஒருவர் கேட்டார். "ஆமாங்க," என்றேன். "யாரு செஞ்ச தப்பு?" "நான் செஞ்ச தப்பு." அந்த ஆள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சரி, ஒத்துக்கறதுக்காவது ஒரு ஆளு இருக்கு," என்று சொல்லிப் போய்விட்டார். நான் திட்டு வாங்கத் தயாராக வந்திருந்தேன். களைத்துப்போனவர்கள் திட்டுவதில்லை.

கூட்டம் கலைந்தபின் ஒரு பெண் மட்டும் நின்றாள். முப்பத்தெட்டு, நாற்பது வயது இருக்கும். முந்திரி உடைக்கிற வேலை. விரல்கள் எண்ணெயில் கறுத்துத் தோல் உரிந்திருந்தன.

"எம் பேரு பிலோமி. பத்துப் பேர எப்படிச் சேப்பீங்கன்னு நீங்க சொல்லலயே."

"ரேஷன் கார்டுப்படிம்மா. ஒரே கார்டுல இருக்கறவங்க ஒண்ணா வருவாங்க. பத்து நெறையலன்னா அக்கம்பக்கத்து வீடு."

"கார்டுல எம் பேரு எங்க வீட்டுக்காரரு பேருக்கு அடுத்தாப்புல இருக்கு. நான் அஞ்சு வருசமா அவரோட இல்ல. அவரு ஒண்ணாம் நம்பர் முகாமு. நான் இஞ்ச இருக்கறது அவருக்குத் தெரியாது."

அவள் இடது கையை மேசைமேல் வைத்தாள். கடைசி இரண்டு விரல்களும் மடங்கவில்லை. "இது அவரு கதவுல வச்சு நசுக்குனது. தோள்ல இருக்கறத இஞ்ச காட்ட முடியாது."

"புரியுதும்மா."

"எனக்குன்னு ஒரு பதிவு, எனக்குன்னு ஒரு மனை. அது வந்துச்சுன்னா போதும்னுதான் இத்தன நாளும் முந்திரிப் பாலுல கைய வேக வச்சுக்கிட்டுக் கெடந்தேன். இப்ப அவரு ரேகை வச்சாத்தான் நான் ஆஸ்பத்திரிக்கே போவ முடியும்னா, அவரு காலடியில போயிக் கெடக்கணும். பதிய மாட்டேன்னு சொன்னா வெளிய தள்ளிருவீங்க." அவள் குரல் ஏறவே இல்லை. "கொலைகாரங்கூட சேத்து எழுதுங்க. நான் எதுவும் கேக்க மாட்டேன். அவரோட மட்டும் வேணாம்."

அன்று மாலையே ஆணையரிடம் பேசினேன். ரேஷன் கார்டுகளில் பாதி கடலோடு போய்விட்டன, இருப்பதில் பாதி போலி, அதை வைத்துப் பிரித்தால் கோர்ட்டில் நிற்காது என்றேன். அதெல்லாம் உண்மைதான். அதற்குப் பதிலாக, முகாமில் சேர்ந்தபோது ஒவ்வொருவருக்கும் கொடுத்த டோக்கன் எண் இருக்கிறது, அந்த வரிசைப்படி பத்துப் பத்தாகப் பிரிக்கலாம் என்றேன். வரிசையில் முன்னும் பின்னும் நிற்பவர்கள் யாரோதானே என்பது என் கணக்கு. அவர் ஒப்புக்கொண்டார். இரண்டு நாளில் நிரலை எழுதி ஓட்டினேன். பட்டியல் வந்ததும் பிலோமியின் பெயரைத்தான் முதலில் தேடினேன்.

அவளுடைய பத்தில் முதல் பெயர் செலஸ்டின். அவள் கணவன். இரண்டாவது பெயர் அவள். மற்றவர்கள் கொழுந்தன், கொழுந்தன் மனைவி, நாத்தனார், பக்கத்து வீடு, எதிர் வீடு.

என்ன நடந்தது என்று தாவூதுக்குத்தான் தெரிந்திருந்தது. அவன் முகாமில் வளர்ந்தவன்.

"டோக்கன் குடுத்தது எப்பக்கா? கடல் வந்த மொத வாரம். அப்ப எல்லாம் ஒரே எடம், ஒரே லைன். அந்த லைன்ல நீங்க ஆளையா பாத்தீங்க?"

"பின்ன?"

"குடம்க்கா. தெருவுக்கு ஒருத்தன் போவான். தெரு மொத்தத்துக்கும் தள்ளுவண்டில குடத்த ஏத்திக்கிட்டுப் போயி வரிசையா வச்சிட்டு நெழல்ல குந்திக்குவான். ஆளுக்கு ஒரு குடம், குடத்துக்கு ஒரு டோக்கன். எவனும் ஆளு நிக்கலன்னு கேக்க மாட்டான். தண்ணி லைனும் அப்படித்தான், டோக்கன் லைனும் அப்படித்தான். இந்தத் தெருவுக்குக் குடம் வச்சது செலஸ்டினா இருக்கும். அதான் அவன் மொதல்ல."

நான் வாழ்நாளில் தண்ணீருக்காகக் குடம் வைத்ததில்லை. ஊழியர் குடியிருப்பில் குழாய் உண்டு. வரிசை என்றால் முன்பின் தெரியாதவர்கள் நிற்பது என்று நினைத்துவிட்டேன். பெரிய வட்டில் பெரிய பொருள்தான் இருக்கும் என்று நினைத்த அதே ஆள்தானே நான்.

பட்டியலைக் கலைத்துப்போட வேண்டும் என்று மறுபடி ஆணையரிடம் போனேன். அவர் ஒரு கட்டு மனுக்களை என் பக்கம் நகர்த்தினார்.

"படிச்சுப் பாரு. எல்லா முகாம்லருந்தும் வந்திருக்கு. தெருவோட தெருவா வந்ததுல ஜனங்களுக்கு நிம்மதி. நீ கலைச்சுப் போட்டா ஒருத்தன் பெரம்பலூர்ல இருப்பான், அவன் மூட்டைக்குத் தலைப்பேரா இருக்கறவன் சேத்தியாத்தோப்புல இருப்பான். பிரசவ வலி வந்தா ரேகைக்கு பஸ் ஏறச் சொல்றியா?"

"ஒரு பொண்ணுக்கு உயிர் போற விஷயம் சார்."

"தெரியுது. பன்னெண்டு லட்சத்துல அப்படி ஆயிரம் பேராவது இருப்பாங்க. அதுக்குத்தான் இடமாற்றுப் படிவம் வெச்சிருக்கேன். ஒண்ணுக்கு ஒண்ணு. ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டா மாத்திக்கலாம். சனிக்கிழமை அஞ்சு மணி வரைக்கும். திங்கக்கிழமை செதுக்க ஆரம்பிக்கணும்."

அவர் சொன்னதில் தவறு இல்லை. அவர் சொன்ன எதிலும் நான் தவறு கண்டுபிடித்ததில்லை. அந்த அறையை விட்டு வரும்போதெல்லாம் கால் வலிக்கும், அவ்வளவுதான்.

பிலோமி ஒரு வாரம் முகாம் முகாமாக அலைந்தாள். தெரிந்த மனிதர்களை விட்டுவிட்டு முன்பின் தெரியாத பத்துப் பேருக்குள் போக யாருக்குப் பைத்தியம்? செலஸ்டினைத் தெரிந்தவர்கள் அதைவிட வேகமாக மறுத்தார்கள். சனிக்கிழமை மூன்று மணிக்கு நிரப்பாத படிவத்தோடு எங்கள் அலுவலக வராந்தாவில் வந்து உட்கார்ந்திருந்தாள். நான் வெளியே வந்து பார்த்தேன். மணி எத்தனை என்று மட்டும் கேட்டாள்.

உள்ளே வந்து தாவூதின் மேசையில் இருந்த பட்டியலின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். ஊழியர்களைக் கடைசியில்தான் எழுதுவார்கள். எங்களையும் இன்னும் எழுதவில்லை. கடைசிச் சீட்டில் ஆணையர் தலைப்பெயர், அவருக்குக் கீழே நான், தாவூது, இன்னும் ஏழு பேர்.

தாவூது என் விரல் எந்தப் பெயரில் நிற்கிறது என்று பார்த்தான்.

"அக்கா, வேணாம்."

"என்ன வேணாம்?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனைக்காதீங்க. சார் தலையில இருந்தா எந்நேரமும் போயி ரேகை வாங்கிக்கலாம். அங்க போயி அந்த ஆளு கீழயா?"

"யாருக்காவது கீழ இருந்துதானே ஆகணும்?"

"நீங்க பண்ணது ஒரு வரி தப்பு. அதுக்கு ஆயுசு பூரா தண்டனையா? அந்த வரிய சரிபாத்துக் கையெழுத்துப் போட்டதுல நானும் ஒருத்தன்க்கா."

"அப்ப நீ போறியா?"

அவனுக்கு இரண்டு பெண் குழந்தைகள். அப்படிக் கேட்டிருக்கக் கூடாது.

பிலோமியிடம் படிவத்தை வாங்கி என் பெயரை எழுதினேன். அவள் உடனே கையெழுத்துப் போட்டுவிடவில்லை.

"ஒங்களுக்கு என்னாகும்?"

எல்லாவற்றையும் சொன்னேன். தலைப்பெயர் என்றால் என்ன, எதற்கெல்லாம் அவன் ரேகை வேண்டும், அவன் செத்தால் என்ன ஆகும் என்பது வரைக்கும். கேட்டால் முழுசாகச் சொல்லிவிடுவது என் சுபாவம்.

"தெரிஞ்சேவா எழுதுறீங்க?"

"தெரிஞ்சேதான்."

அவள் குனிந்து நிதானமாகத் தன் பெயரை எழுதினாள். நன்றி என்று எதுவும் சொல்லவில்லை. "அவரு சத்தம் போட மாட்டாரு. அதான் யாரும் நம்ப மாட்டாங்க. பாத்து இருந்துக்குங்க," என்றாள். நாலரை மணிக்குப் படிவம் உள்ளே போயிற்று.

ஒரு மாதத்தில் எல்லாரையும் செதுக்கி முடித்தோம். கடைசிச் சீட்டு எழுதப்பட்ட அன்று ஆணையரின் சுவரில் பச்சை இன்னும் ஒரு விரற்கடை ஏறியது. எண்பத்தொன்பது சதவீதம் காலி என்று காட்டியது.

அடுத்த வருடம் வைகாசியில் என் வலது கண்ணுக்குள் கறுப்புத் திரை ஒன்று ஓரத்திலிருந்து இறங்க ஆரம்பித்தது. இடது கண் சிறு வயதிலிருந்தே மங்கல்; நான் வாசித்தது, எழுதியது எல்லாம் வலது கண்ணால்தான். விழித்திரை கிழிந்திருக்கிறது, மூன்று வாரத்துக்குள் அறுவை செய்து ஒட்டவில்லை என்றால் அந்தக் கண் போய்விடும் என்றார் டாக்டர். சேர்க்கைக்கான திரையில் என் விரலை வைத்தேன். செலஸ்டின் என்று வந்தது. "அவர் உங்களோட வந்திருக்காராம்மா?" என்று கேட்டாள் சேர்க்கை மேசையில் இருந்த பெண், வேறு எங்கோ பார்த்துக்கொண்டே. ஒரு நாளைக்கு நூறு பேரிடம் கேட்பாள் போல.

மறுநாள் காலையில் அவன் வீட்டுக்குப் போனேன். பத்து மனைகளையும் சேர்த்து வளைத்து ஒரே வேலி. வேப்பமரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, எதிரே ஒரு பெஞ்சு. பெஞ்சில் ஏற்கெனவே மூன்று பேர் காத்திருந்தார்கள். செலஸ்டின் நாற்பத்தைந்து வயதுக்காரன், ஒல்லி, சலவை செய்த வெள்ளை வேட்டி. ஒரு பெண்ணின் பள்ளிக்கூடப் படிவத்தைப் பொறுமையாகப் படித்துவிட்டுக் கையடக்கக் கருவியில் விரலை வைத்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"வாங்க, குந்துங்க. டீ சாப்புடுறீங்களா?"

வந்த காரியத்தைச் சொன்னேன்.

"நீங்கதானா அது? பத்துல ஒரு பேரு யாருன்னே தெரியாமக் கெடந்துச்சு. வருவீங்க, வருவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்." பிலோமி சொன்னதுபோலவே அவன் குரல் மென்மையாக இருந்தது. "கண்ணு முக்கியம்ங்க. சட்டைய மாட்டிக்கிட்டு இப்பவே வாரேன். எம் பொண்டாட்டி எங்க இருக்கான்னு மட்டும் சொல்லிருங்க."

நான் டீயைக் கீழே வைத்தேன்.

"அவ எடத்துலதான் நீங்க வந்திருக்கீங்க. அப்ப அவ ஒங்க எடத்துக்குப் போயிருக்கணும். அந்தக் கண்ணாடிக்குக் கோடு போட்டதே நீங்கதான்னு சொல்றாங்க. ஒங்களுக்குத் தெரியாம அதுக்குள்ள எதுவும் இருக்காதாம்ல?"

தெரியும். அவள் எந்தச் சீட்டில் இருக்கிறாள், அந்தச் சீட்டிலிருந்து அவள் மனை எண்ணுக்கு எப்படிப் போவது, அதை யாரிடம் எந்தப் படிவத்தில் கேட்டால் சொல்வார்கள் என்பது வரை எனக்குத் தெரியும். பெரம்பலூர் சாலையில் அவள் நட்ட முருங்கை காய்க்க ஆரம்பித்துவிட்டது என்பதும் தாவூது சொல்லித் தெரியும். ஒருவர் ஒன்றைக் கேட்டு, அதற்கு விடை எனக்குத் தெரிந்திருந்து, நான் சொல்லாமல் விட்டதாக ஞாபகம் இல்லை.

"தெரியாது," என்றேன்.

அவன் கோபப்படவில்லை. "யோசிச்சுப் பாருங்க. நான் எங்கயும் போவல," என்று சொல்லிவிட்டு, பெஞ்சில் அடுத்து இருந்தவரைக் கூப்பிட்டான். நான் எழுந்தேன். காத்திருந்த ஒரு பெண் நகர்ந்து என் இடத்தில் உட்கார்ந்துகொண்டே ரகசியமாக, "நாளைக்கு இன்னுங் கொஞ்சம் வெள்ளன வாங்க. எளகுவாரு," என்றாள்.

மறுநாள் வெள்ளனப் போனேன். அதற்கு மறுநாளும் போனேன். ஒவ்வொரு நாளும் டீ கொடுத்தான், அதே கேள்வியைக் கேட்டான், நான் அதே பதிலைச் சொன்னேன். ஆணையர் இரண்டு கடிதம் எழுதிப் பார்த்தார். கண்ணாடியில் எழுதியதற்குக் கடிதம் என்ன செய்யும்? திரை ஒவ்வொரு நாளும் ஒரு நூல் இறங்கியது. இருபத்தோராம் நாள் டீ டம்ளர் இருக்கும் இடத்தைக் கையால் தடவித்தான் எடுத்தேன்.

அதற்குப் பிறகு போகவில்லை. போகவேண்டிய வேலை இல்லை.